நூல் அறுந்தால் ஒருத்திதான் போவாள்

1841 ஜூன் 28 அன்று பாரிஸ் ஓபராவில் 'ஜிசெல்' பாலே முதன்முதலாக மேடையேறியபோது நடன அமைப்பாளர் என்று அறிவிக்கப்பட்ட பெயர் ஒன்றுதான்: ஜான் கொராலி. நாயகியாக ஆடிய கார்லோட்டா கிரிசியின் தனி ஆட்டங்களை அமைத்தவர் ஜூல் பெரோ. அவர் பெயர் சுவரொட்டியில் இல்லை. பாலே வரலாற்றை எழுதியவர்கள் பிற்பாடு அதைச் சரிசெய்தார்கள். இன்று எங்கே பார்த்தாலும் இரண்டு பெயரும் சேர்ந்தே இருக்கும்.

கதை எளிமையானது. கிராமத்துப் பெண் ஜிசெல், தன்னைப் போல எளியவன் என்று நம்பி ஒருவனைக் காதலிக்கிறாள். அவன் வேடமிட்டு வந்த பிரபு. வேறொருத்திக்கு நிச்சயிக்கப்பட்டவன். உண்மை தெரிந்ததும் புத்தி பேதலித்துச் செத்துப்போகிறாள். இரண்டாம் அங்கத்தில், இரவில், காட்டுக்குள் 'விலி'கள் வருகிறார்கள். கல்யாணத்துக்கு முன்பே இறந்துபோன பெண்களின் ஆவிகள். கையில் சிக்கும் ஆணை ஆடவைத்தே கொல்பவர்கள். நம்மூர்ப் பக்கம் கல்யாணமாகாமல் இறந்த பெண், வீட்டுக்குக் கன்னித் தெய்வம் ஆகிவிடுவாள். புதுப் பாவாடை சட்டை வைத்துக் கும்பிட்டால் சமாதானம் ஆகிவிடுவாள். ஐரோப்பியக் கன்னிகளுக்குக் கோபம் கொஞ்சம் அதிகம்.

இந்த விலிகளைப் பற்றி ஹைன்ரிஷ் ஹைனே எழுதியதைப் படித்துவிட்டு, சான்-ஜார்ஜ் என்ற நாடகாசிரியரோடு சேர்ந்து கதையை எழுதியவர் கவிஞர் தியோஃபில் கோத்தியே. அதற்கு மூன்று வருடம் முன்பு, 1838-இல், அவர் பாரிசில் ஒரு தமிழ்க் குழுவின் ஆட்டத்தைப் பார்த்திருந்தார். கடலூருக்குப் பக்கத்தில் இருக்கும் திருவந்திபுரத்துத் தேவதாசிகள். தார்திவெல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் போட்டுப் புதுச்சேரியிலிருந்து கப்பலேற்றி அழைத்துப்போன ஐந்து பெண்கள், மூன்று பக்கவாத்தியக்காரர்கள். அதில் பதினெட்டு வயது அம்மணி என்பவளைப் பற்றி, அவள் தோலின் நிறம் முதற்கொண்டு, கோத்தியே விரிவாக எழுதினார். பார் என்ற சிற்பி அவளை வெண்கலத்தில் வடித்தார். 1841 ஜிசெல் பிரதியில் விலிகளில் ஒருத்தி பெயர் சுல்மே. அவள் ஒரு 'பயடேர்'. ஐரோப்பியர்கள் நம் கோயில் ஆட்டக்காரிகளுக்கு வைத்த பெயர் அது. அம்மணியைப் பார்த்த கண்தான் சுல்மேயை எழுதியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அம்மணியின் பெயரை எந்த ஜிசெல் அறிவிப்பிலும் போட்டதில்லை. போடுவதற்கு அந்தத் தாளில் ஒரு கட்டமும் இல்லை.

*

175 வருடம் கழித்து, 2016 செப்டம்பரில், இங்கிலீஷ் நேஷனல் பாலே மான்செஸ்டரில் ஒரு புதிய ஜிசெல்லை மேடையேற்றியது. ஏற்பாடு செய்தவர் அப்போது அந்தக் குழுவின் கலை இயக்குநராக இருந்த தமாரா ரோஹோ. நடன அமைப்பு அக்ரம் கான். பெற்றோர் வங்கதேசத்தவர்; லண்டனில் பிறந்து கதக் கற்றவர். பாலே அவர் வளர்ந்த மொழி இல்லை. இசை வின்சென்சோ லமான்யா; அடோல்ஃப் ஆதாமின் பழைய மெட்டுகளை எடுத்து, இயந்திர இரைச்சல் மாதிரியான ஒலிகளுக்குள் புதைத்தார். அரங்கமும் உடையும் டிம் யிப். 'கிரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். ஒளி மார்க் ஹெண்டர்சன். கதையின் எலும்புகள் சரியாகப் பொருந்துகிறதா என்று கூடவே இருந்து பார்ப்பவரை டிராமாடர்க் என்பார்கள். அந்த வேலை ரூத் லிட்டில்.

ஒரு சமகால பாலே உருவாவது இப்படித்தான். மேடையில் தெரிவது நாயகி. அவளுக்குப் பின்னால் ஐந்தாறு பேர், ஒருவர் செய்ததை இன்னொருவர் மாற்றி, ஒத்திகை அறையில் மாதக்கணக்கில் மோதிக்கொள்கிறார்கள். எங்கள் மென்பொருள் வேலையும் ஏறக்குறைய அப்படித்தான். ஒரு வித்தியாசம், எங்களிடம் ஒவ்வொரு வரியையும் யார் எழுதினார், எந்தத் தேதியில் எழுதினார் என்று சொல்லும் பதிவு உண்டு. நடனத்துக்கு அப்படி ஒன்று இல்லை. ஒத்திகையில் ஒரு பெண் தோளைச் சற்றே திருப்புவாள். நன்றாக இருக்கிறதே என்று அது அப்படியே தங்கிவிடும்.

அக்ரம் கானின் ஜிசெல் கிராமத்துப் பெண் இல்லை, ஆயத்த ஆடைத் தொழிலாளி. ஆலையை மூடிவிட்டார்கள். புலம்பெயர்ந்து வந்த தொழிலாளர்கள் ஒரு பெரிய சுவருக்கு வெளியே நிற்கிறார்கள். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பகட்டான உடையில் முதலாளிகள் வருகிறார்கள். இரண்டாம் அங்கத்தில் காடு இல்லை, பாழடைந்த ஆலை. விலிகள் அங்கே வேலை பார்த்துச் செத்தவர்கள். நீளமான பிரம்புகளை ஏந்தி, கால்விரல் நுனியில் நடந்து வருகிறார்கள். 2013-இல் டாக்காவுக்கு அருகே ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டவர்கள் செத்தது நினைவுக்கு வராமல் அதைப் பார்க்க முடியாது.

எனக்கு வேடசந்தூரும் நினைவுக்கு வந்தது.

*

திண்டுக்கல் என்றால் பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை என்பார்கள். நகரை விட்டுக் கரூர் சாலையில் வடக்கே போனால் வேறு ஊர். மானாவாரிக் காடு, வேலிக்கருவை, நடுநடுவே ஜன்னல் இல்லாத நீளக் கட்டடங்கள். நூற்பாலைகள். விடியும் முன்பே மில் வேன்கள் ஊர் ஊராகச் சுற்றிப் பெண்களை ஏற்றிக்கொள்ளும். வேனில் போகாதவர்கள் மில்லுக்குள்ளேயே ஹாஸ்டலில் இருப்பார்கள். எனக்கு விவரம் தெரிந்த வயதில் சுமங்கலித் திட்டம் உச்சத்தில் இருந்தது. மூன்று வருடம் வேலை, முடிவில் மொத்தமாக ஒரு தொகை, அது கல்யாணச் செலவுக்கு. அதனால்தான் சுமங்கலி என்று பெயர். கல்யாணத்துக்கு முன்னால் செத்த பெண்கள் ஆடும் பாலேயையும், கல்யாணத்துக்காக மில்லுக்குப் போன பெண்களையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

என் சித்தப்பா மகள் அப்படிப் போனவள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். எங்கள் வீட்டில் அப்பாவுக்கு அரசு வேலை, சித்தப்பாவுக்கு மழையை நம்பிய மூன்று ஏக்கர். நான் இன்ஜினியரிங், அவள் பத்தாம் வகுப்போடு மில். மூன்று வருடம் முடிய நான்கு மாதம் இருக்கும்போது மஞ்சள் காமாலை வந்தது. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். 'வருஷம் முழுசா முடியல' என்று மொத்தத் தொகையைத் தரவில்லை. சித்தப்பா இரண்டு தடவை போய்க் கேட்டுப் பார்த்தார். மூன்றாவது தடவை வாட்ச்மேன் கேட்டைத் திறக்கவில்லை.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது லேப்டாப்பில் ஜிசெல்லின் இரண்டாம் அங்கத்தை அவளிடம் காட்டினேன். முறம் நிறைய மொச்சையை வைத்து உரித்துக்கொண்டே பார்த்தாள். பாதியில் கை நின்றுவிட்டது.

"என்னடா, சத்தம் நம்ம ஸ்பின்னிங் மாதிரியே இருக்கு" என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து, "அழகாத்தான் இருக்கு. ஆனா எல்லாரும் ஒண்ணா கையத் தூக்குறாளுகளே, மில்லுல அப்பிடி எங்க இருக்கு?"

"அப்பறம் எப்பிடிக்கா?"

"நூலு எல்லாருக்கும் ஒண்ணாவா அறும்? சைடுல நடந்துக்கிட்டே இருப்போம். எங்கயாச்சும் ஒண்ணு அறுந்தா, பாக்குறவ ஒருத்திதான் போவா. அவ கோத்துட்டு நிமிர்றதுக்குள்ள அந்தக் கடைசில இன்னொண்ணு அறும்."

பிறகுதான் அதைச் சொன்னாள். ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் மெஷின் நிற்கும். மாலை போட்டு, சந்தனம் பூசி, சாயங்காலம் கலை நிகழ்ச்சி. இரண்டாவது வருடம் இவள் பதினாறு பெண்களை வைத்து ஒரு கும்மி கட்டியிருக்கிறாள். எங்கள் பக்கத்து முளைப்பாரிக் கும்மியின் அடவு. அதில் நூல் கோக்கும் கையைச் சேர்த்திருக்கிறாள். "எல்லாரும் சுத்திக்கிட்டே இருப்பாளுக. கும்மிச் சத்தம் நிக்காது. ஒருத்தி மட்டும் வட்டத்தவிட்டு உள்ள போயி, குனிஞ்சு, கோத்துட்டு வருவா. அவ வந்து சேர்றதுக்குள்ள எதிர்ப் பக்கம் இன்னொருத்தி. யாரு எப்பப் போவான்னு யாருக்கும் தெரியாது. கண்ணாலயே சொல்லிக்கணும்." எழுந்து, மொச்சைத் தோலை ஒதுக்கிவிட்டு, ஆடிக் காட்டினாள். வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு சுண்டு சுண்டி இணைந்தன. அந்த வேலையை விட்டுப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகிறது. "மொத ஆறு மாசம் தூக்கத்துலயும் இந்தக் கை நிக்காதுடா" என்றாள்.

மேடையில் 'ஹாஸ்டல் பெண்களின் நடனம்' என்று அறிவித்தார்கள். எல்லாருக்கும் ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர்.

பாலேயின் கூட்டு ஆட்டத்துக்கு ஒரு பழைய இலட்சியம் உண்டு: இருபது உடல்கள், ஒரே மூச்சு. அக்ரம் கானின் விலிகள் பயமுறுத்துவதும் அந்த ஒற்றுமையால்தான். அக்கா சொன்னது வேறொரு தத்துவம். ஓடிக்கொண்டே இருக்கும் ஒரு வட்டம், எங்கே எப்போது என்று சொல்ல முடியாத அறுதல், அதை நோக்கி ஒருத்தி தனியாகப் போய்வருவது. இசையும் ஒளியும் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் இந்த ஒரு விஷயம் மில்லில் நின்ற உடம்புக்குத்தான் தெரியும். படம் முடிந்து பெயர்கள் ஓடியபோது அவள் கேட்டாள்: "இதுல யாராச்சும் மில்லுல இருந்தவங்களாடா?"

*

அக்ரம் கான் தொழிலாளிகளின் கதையைத் திருடிவிட்டார் என்று நான் சொல்ல வரவில்லை. அரச சபைகளையும் கற்பனைக் காடுகளையும் விட்டு வராத ஒரு கலையை ஆலை வாசலுக்கு இழுத்துவந்தது பெரிய காரியம். அந்தப் பாலேயைப் பார்த்திருக்காவிட்டால் அக்காவின் கும்மியைப் பற்றி நான் கேட்டிருக்கவே மாட்டேன். என் சந்தேகமெல்லாம் படைப்பாளி என்ற சொல் எங்கே போய் நிற்கிறது என்பதில்தான்.

சென்னையில் பிறந்து லண்டனில் இயங்கும் ஷோபனா ஜெயசிங் இந்தச் சந்தேகத்தையே மேடையில் வைத்தவர். 1877-இல் மரியூஸ் பெடிபா ரஷ்யாவில் அமைத்த 'லா பயடேர்', ஒரு கோயில் ஆட்டக்காரியை நாயகியாக வைத்த பாலே. இன்றும் உலகம் முழுக்க ஆடுகிறார்கள். ஷோபனா 2015-இல் ராயல் ஓபரா ஹவுசின் லின்பரி அரங்கில் அதற்கு ஒரு பதிலை அமைத்தார். இசை கேப்ரியேல் புரொகோஃபியேவ். 1838-இல் போன திருவந்திபுரத்துப் பெண்களும், அவர்களைப் பார்த்து கோத்தியே எழுதிய சொற்களும் அதற்குள் வருகிறார்கள். நாயகியை வர்ணித்தவனின் கண்ணே அங்கே விசாரணைக்கு உள்ளாகிறது. ஆட்டத்தை உருவாக்கியவர்களில் ஆடவைக்கப்பட்டவர்களும் உண்டு என்று ஒரு தமிழ்ப் பெண் ஓபரா ஹவுசுக்குள் போய்ச் சொல்ல 177 வருடம் ஆகியிருக்கிறது.

திண்டுக்கல்லிலேயே இதற்கு வேறொரு பதில் இருக்கிறது. 1990-இல் சிஸ்டர் சந்திரா தொடங்கிய சக்தி கலைக்குழு. தலித் இளம்பெண்கள் பறை அடித்து ஆடும் குழு. சாவு மேளம் என்று ஒதுக்கப்பட்டு, ஆண்கள் மட்டும் அடித்த கருவியை இந்தப் பெண்கள் தோளில் மாட்டிக்கொண்டு தெருவிலும் மேடையிலும் வந்தார்கள். அவர்களைப் பற்றி ஜோயி ஷெரினியன் என்ற அமெரிக்க இசை ஆய்வாளர் 'சக்தி வைப்ரேஷன்ஸ்' என்று ஓர் ஆவணப்படமே எடுத்திருக்கிறார். அங்கே யாருடைய வாழ்க்கையோ அவர்களே ஆடுகிறார்கள்.

இதெல்லாம் வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை. 2021 ஜனவரியில், வேடசந்தூர் பக்கத்து ஆயத்த ஆடை ஆலை ஒன்றில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர் கைதானார். பெண்கள் தலைமையில் இயங்கும் தொழிற்சங்கம் விடாமல் போராடியதில், 2022-இல் ஆலை நிர்வாகமும், எச் அண்ட் எம், கேப், பிவிஹெச் போன்ற உலக நிறுவனங்களும் கையெழுத்திட்ட ஓர் ஒப்பந்தம் வந்தது. பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க, தொழிலாளர்களிலிருந்தே ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து ஆலைக்குள் கண்காணிக்க வைக்கும் ஏற்பாடு. உலகம் முழுக்க அதற்கு 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே பெயர். ஆலைக்குள் என்ன நடக்கிறது என்று அங்கே நிற்பவளிடமே கேட்பது. அந்த ஒப்பந்தம் இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டிருக்கிறது. கலை இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். மில் பெண்ணை மேடையில் காட்டத் தெரிகிறது. ஒத்திகை அறையில் அவளுக்கு ஒரு நாற்காலி போட்டு, 'இந்தக் கை சரியா?' என்று கேட்க இன்னும் பழகவில்லை.

அக்கா இப்போது வீட்டில் தையல் மெஷின் போட்டிருக்கிறாள். இந்த வருடம் ஊர் முளைப்பாரிக்குக் கும்மி கட்டித்தரச் சொல்லி மகளிர் குழுவில் கேட்டிருக்கிறார்கள். பழைய மில் கும்மியையே கொஞ்சம் மாற்றி, இருபத்திரண்டு பெண்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். பாதிப் பேர் இன்றைக்கும் மில் வேனில் போய்வருபவர்கள். பிளெக்ஸ் மாதிரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி எழுத்துப்பிழை பார்க்கச் சொன்னாள். ஊர்த் தலைவர் படம், நாட்டாமை படம், நன்கொடையாளர் பெயர்கள் எல்லாம் இருந்தன. 'நடன அமைப்பு' என்று ஒரு வரி சேர்த்து உன் பேரைப் போடச் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

வாய்ஸ் மெசேஜில் பதில் வந்தது. பின்னணியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

"பேரு போடுறதுன்னா போடுங்க, வேண்டாங்கல. அதுக்கு முன்னாடி, ஷிப்ட் முடிஞ்சு பிராக்டிஸுக்கு வர்ற புள்ளைக ராத்திரி வீடு போய்ச் சேர ஆட்டோவுக்குக் காசு யாரு தருவான்னு கேட்டுச் சொல்லு."