தளர்ந்த வார்

மனிதர் நாயை நடத்திச் செல்கிறாரா, நாய் மனிதரை நடத்திச் செல்கிறதா என்னும் ஐயம், மாலை வேளையில் சிங்கப்பூரின் பூங்கா இணைப்புப் பாதைகளில் சற்று நிற்பவர்க்கு எழாமற் போகாது. நாவைத் தொங்கவிட்டுக்கொண்டு முன்னே பாயும் நாயும், தோள்மூட்டுக் கழன்றுவிடுமோ என்னும்படி பின்னே விரையும் மனிதரும் அங்கே அன்றாடக் காட்சி. பார்ப்பவர்க்கு நகைப்பு எழும். எங்கள் வீட்டிலோ அது நகைப்பிற்குரிய செய்தியாக இருக்கவில்லை.

நான் பணி ஓய்வு பெற்றபின் எங்களிடம் வந்த குட்டி முத்து, உள்ளூர்க் கலப்பினம். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுகளில் நெடுங்காலம் சிற்றின நாய்களுக்கே இடமிருந்தது. 2012ஆம் ஆண்டில் ‘அடோர்’ என்னும் திட்டம் தொடங்கிய பின்னரே, நடுத்தர உருவமுடைய உள்ளூர்க் கலப்பின நாய்களுக்கும் வழி பிறந்தது. அதற்கு ஈடாக, நாய்க்குக் கீழ்ப்படிதல் பயிற்சி அளிக்கவேண்டும். அயலார்க்குத் தொல்லை நேராமல் காக்கவேண்டும்.

எங்கள் அயலார் ஒரு மலாய் மூதாட்டி. இந்நாட்டு மலாய் முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாஃபி மரபில், நாயின் எச்சில் பட்ட இடத்தை ஏழு முறை, அவற்றுள் ஒரு முறை மண் கலந்த நீரால், கழுவவேண்டும். ஊன்றுகோலுடன் மின்தூக்கியிலிருந்து வெளிவரும் அவர்மீது, அன்பு மிகுதியாற் பாயும் குட்டியின் ஈர மூக்கு பட்டாலே போதும். ஆசிரியரை மலாய்மொழியில் விளிக்கும் முறைப்படி ‘சிக்கு’ என்றே என்னை அழைக்கும் அவர், ஒருநாளும் குறை கூறியதில்லை. குட்டியின் கழுத்துமணி கேட்டால் தம் கதவுக்குள்ளேயே நின்றுவிடுவார், அவ்வளவுதான். ஒருவர் தம் வீட்டு வாசலிலேயே தயங்கி நிற்க நாம் காரணமாவது, புகாரினும் கொடிதன்றோ?

நாய் ஏன் இழுக்கிறது? அதன் இயல்பான நடை நம் நடையினும் விரைவானது. அதன் மூக்கிற்கு வழியெல்லாம் செய்தி. ஆயினும் இழுப்பைப் பழக்கமாக்குவது நம் கால்களே. பயன் தந்த செயல் நிலைபெறும் என்பதைத் தார்ண்டைக் 1898இல் பூனைகளைக் கூண்டுப் பெட்டிகளில் இட்டு ஆராய்ந்து காட்டினார். ஆசிரியப் பயிற்சி பெற்றோர் இதனை அறிவர். குட்டி இழுக்கிறது, நாம் பின்செல்கிறோம், அது விரும்பிய மரத்தடி கிட்டுகிறது. இழுத்தால் உலகம் அருகே வரும் என்பதை இவ்வாறு நாளும் கற்பித்துவிட்டு, பிறகு அதனை அடங்காப்பிடாரி என்கிறோம்.

வாரை வெடுக்கென இழுத்துத் திருத்துவது பழைய முறை. கழுத்துப்பட்டை மூச்சுக்குழலை அழுத்தும். கற்பதோ அச்சம் ஒன்றே. ஆகவே மார்பைச் சுற்றும் பட்டையொன்றை வாங்கினோம். முதற்பாடம் வீட்டுக் கூடத்தில், நாளுக்கு இருமுறை, ஐந்தே நிமிடம். என் இடக்காலருகே வந்தபோதெல்லாம் அவித்த கோழியின் சிறு துணுக்கு ஒன்று கிடைக்கும். பிறகு நடைவழி, பிறகு கட்டடத்தின் கீழ்த்தளம். வார் விறைத்தால் நான் மரம்போல் நிற்பேன். முத்து திரும்பிப் பார்க்கும், வார் தளரும், அக்கணமே நடப்பேன். முதல்நாள் வெளிநடையில் இருபது அடி கடக்கக் கால்மணி நேரம் ஆயிற்று. கீழ்த்தளத்தில் சதுரங்கம் ஆடிய முதியவர்கள் எனக்கு ஏதோ நோய் என்று எண்ணியிருக்கக்கூடும்.

கட்டளைகளைத் தமிழிலேயே வைத்தோம். ‘நில்’, ‘வா’, ‘இரு’ என்னும் மூன்று ஏவல்வினைகள் முத்துவுக்குத் தெரியும். ஓரசை, ஈரசைச் சொற்கள் இப்பணிக்கு மிகப் பொருத்தம்; பகுதியே ஏவலாக நிற்கும் நம் மொழியின் சிக்கனத்தை, வகுப்பில் இருந்த காலத்தைவிட அப்போதுதான் நன்கு சுவைத்தேன்.

இடையூறு என் பேரன் வடிவில் வந்தது. பத்து வயதுப் பையன் வாரைப் பிடித்தால் இருவரும் ஓடுவர். நான்கு நாள் பாடம் ஒரு மாலையிற் கரையும். ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957இல் வெளியிட்ட ஆய்வு நூலை அவனிடம் விளக்கமுடியுமா? எப்போதேனும் கிடைக்கும் பயன், தவறாமற் கிடைக்கும் பயனைவிடப் பழக்கத்தை ஆழ வேரூன்றச் செய்யும் என்பது அதன் கருத்துகளுள் ஒன்று. “நாம் இருவரும் ஒரே பாடநூலைக் கற்பிக்கவேண்டும், ஐயா” என்றேன்.

“அப்படியென்றால் முத்து ஓடவே கூடாதா, தாத்தா?” என்றான்.

நேர்மையான கேள்வி. ஓடாத குட்டி குட்டியன்று. ஆகவே ஞாயிறுதோறும் பீஷான் - அங் மோ கியோ பூங்காவில் நாய்களுக்கென வேலியிட்ட திடலில் வாரை அவிழ்த்து ஓட்டுவது அவன் உரிமையாயிற்று. வழியில் நடப்பது மட்டும் என் முறைப்படி. அவ்வொப்பந்தத்தை அவன் மீறவில்லை.

நான்கு திங்கள் கழிந்தன. மின்தூக்கி திறக்கும்போது, ‘இரு’ என்றதும் முத்து சுவரோரம் என் காலின் மறுபுறத்தில் அமர்கிறது. மூதாட்டி வெளிவந்து, இரண்டடி தள்ளி, தம் போக்கில் நடக்கிறார். அண்மையில் ஒருநாள் நின்று, “எத்தனை மாதமாயிற்று, சிக்கு?” என்று குட்டியின் வயதைக் கேட்டார். எட்டு என்றேன். அவர் இறங்கிச் சென்ற பிறகே நாங்கள் அடுத்த மின்தூக்கியில் ஏறுகிறோம். அது இன்றும் மாறவில்லை. கீழ்த்தளத்துச் செவலைப் பூனையைக் கண்டால் மட்டும் மூன்று ஏவல்வினைகளும் முத்துவுக்கு மறந்துபோகின்றன. இவ்வாரம் அதனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம், பூனையிடமிருந்து முப்பது அடி தள்ளி நின்று.