உப்புக் கேட்ட செல்வன்

மட்டக்களப்புக்குப் போய் வந்தேன் என்று சொன்னாற் போதும், "பாடும் மீனைக் கேட்டீர்களா?" என்பதே யாவரும் தொடுக்கும் முதற் கேள்வி. அதைக் கேட்கும் ஆவலோடுதான் நானும் ஓர் ஆடி மாதத்தில் மட்டுநகர் சென்றேன். ஆனால், கல்லடியில் என் தங்கை வீட்டில் தங்கிய மூன்று வாரங்களிற் பெரும் பகுதியை, வாய் திறவாத ஒரு சிறு மீனின் அருகிலேயே கழிக்கும்படி நேர்ந்துவிட்டது. அதற்குக் காரணமும் நானே.

வாவியைக் கண்டறியாத வாசகர்களுக்கு அதைப்பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வடக்கே பங்குடாவெளிப் பக்கமிருந்து தெற்கே கல்முனை வரை, ஏறக்குறைய 56 கிலோமீற்றர் தூரத்துக்கு, கடலை ஒட்டியே நீண்டு கிடக்கிறது இந்த நீர்நிலை. சூரியன் எழும் பக்கத்துக் கரை எழுவான்கரை. அவன் படும் பக்கத்துக் கரை படுவான்கரை. இப்பெயர்களை இட்டவர் எவராயினும் அவர் கவியுள்ளம் படைத்தவராகவே இருந்திருக்க வேண்டும். கல்லடியோ வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணற்றிட்டு. அங்கே பிரித்தானியர் காலத்து இரும்புப் பாலமும், 2013இல் திறக்கப்பட்ட புதுப் பாலமும் அருகருகே நிற்கின்றன. முழுநிலா இரவிலே தோணியிற் சென்று, துடுப்பின் ஒரு நுனியை நீரில் இட்டு மறுநுனியைக் காதில் வைத்துக் கேட்டால் இசை கேட்கும் என்பர். 1848இல் எமர்சன் டெனென்ட் என்னும் பிரித்தானிய அதிகாரி அவ்வாறு சென்று கேட்டு, அதைத் தம் நூலில் எழுதி வைத்தார். பாடுவது மீனன்று, ஊரி என்னும் சிப்பியினமே என்று அவருக்குச் சொன்னவர்களும் உண்டு. அந்த வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

நிற்க. என் மருமகளுக்கு வயது ஒன்பது. விறாந்தையில் ஒரு கண்ணாடித் தொட்டியிலே செல்வன் மீன் ஒன்றை அவள் வளர்த்து வந்தாள். வீச்சு வலையில் அகப்பட்ட குஞ்சு. சொதிக்கும் உதவாத அளவு. அவள் தந்தை அதை வாவி நீரோடு வாளியிற் கொண்டுவந்து கொடுத்தாராம். பசுமை கலந்த உடல், அதிற் குறுக்கே கரும்பட்டைகள், முத்துத் தெறித்தாற் போன்ற புள்ளிகள். 1952இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியாவுக்கு இது தூரத்து உறவுதான். எனினும் செல்வன் வந்தேறியன்று, இந்த மண்ணுக்கே உரிய மீன். தாயும் தந்தையும் சேர்ந்தே முட்டையைக் காத்துக் குஞ்சுகளை மேய்த்துச் செல்லும் குடும்பஸ்தனும் கூட. சிறுமி தொட்டியருகே சென்றால் அது கண்ணாடியை முட்டிக்கொண்டு வந்து நிற்கும்.

நான் வந்த மூன்றாம் நாள், தொட்டி நீர் கலங்கியிருக்கக் கண்டேன். பட்டணத்துச் சுத்தம் என்னைச் சும்மா விடவில்லை. பிள்ளை பள்ளிக்கூடம் போயிருந்த வேளையில் நீரை முழுவதும் கொட்டிவிட்டு, தொட்டியைத் தேய்த்துக் கழுவி, பளிங்கு போன்ற குழாய்நீரை நிரப்பி வைத்தேன். மாலையில் அவள் வந்து பார்த்து மகிழ்வாள் என்ற பெருமிதம் வேறு.

அன்றிரவே மீன் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடிற்று. நான்காம் நாள் அதன் வாலிலே பஞ்சு ஒட்டினாற் போல வெண்மை படர்ந்தது. பட்டைகள் மங்கின, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து மிதக்கலாயிற்று. சிறுமி என்னை ஒரு வார்த்தை குறை கூறவில்லை. ஆனால் இரவுச் சாப்பாட்டுக்கு அவள் வரவில்லை. "வாவியிலே விட்டிடுவம் மச்சான், பிழைத்தாற் பிழைக்கட்டும்," என்றார் மைத்துனர். எனக்கு மனம் ஒப்பவில்லை.

மறுநாட் காலை, வாளியும் கையுமாக நாங்கள் இருவரும் வாவிக்கரைக்குப் போனோம். வலை காயப்போட்டுக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்; விரலை நனைத்து நாவில் வைத்தார்.

"இது உப்புக் கேக்குது மனே," என்றார் என்னைப் பார்த்து. பிறகு பிள்ளையிடம், "அழாத புள்ள. சாகிற மீன் இப்படிக் கண்ணை உருட்டாது," என்றார்.

அவர் சொன்ன வைத்தியம் மிக எளியது. பாலத்தடி நீரை எடுத்துச் சென்று, ஒரேயடியாக ஊற்றாமல், காலையும் மாலையும் சிறிது சிறிதாகத் தொட்டி நீரோடு மாற்ற வேண்டும். இரண்டு நாளைக்குத் தீனி போடலாகாது. தொட்டியின் மேல் ஈரத்துணி ஒன்றை இட்டு, வெயில் நேரே படாமல் வைக்க வேண்டும்.

அதன் காரணத்தைப் பின்னர் நான் ஆராய்ந்து அறிந்தேன். குழாய்நீரிற் கிருமியைக் கொல்ல இடப்படும் குளோரின் மீனின் செவுளை அரிக்கும். உடல்மேல் உள்ள வழுவழுப்பான காப்பையும் சிதைக்கும். காப்பு நீங்கிய இடத்திற் பூஞ்சை போன்ற ஒன்று குடியேறும். அது நன்னீரிலே செழித்து, உப்பு நீரிலே தளர்வது. செல்வனோ கடலும் ஆறும் கலக்கும் நீருக்குப் பழகியது. மாரி வெள்ளத்தில் வாவி நன்னீராய் இனிக்கும். கோடையிலே முகத்துவாரத்து வழி கடல் ஏறிக் கரிக்கும். இரண்டையும் அது தாங்கும், மாற்றம் மெல்ல வருமாயின். நானோ ஒரு பருவமாற்றத்தை ஒரே மத்தியானத்தில் நடத்திவிட்டேன்! வாவி நீர் கிட்டாதவர் கல்லுப்பைக் கரைத்து விடலாம். இவ்வின மீனுக்கு லீற்றருக்கு ஐந்து கிராம் வரை தகும், அதையும் இரண்டு நாளிற் படிப்படியாக. நன்னீர் மீன் வளர்ப்போர் இவ்வளவு உப்பை இடலாகாது. குழாய்நீரையும் ஒரு நாள் திறந்து வைத்த பின்பே வார்க்க வேண்டும்.

முதியவர் மற்றொரு காட்சியையும் காட்டினார். கண்டல் வேரடியில் வளர்ந்த செல்வன் ஒன்று அசையாது நிற்க, செம்மஞ்சள் நிறச் சின்ன மீன்கள் இரண்டு அதன் வாலையும் செட்டையையும் கொத்திக்கொண்டிருந்தன. சண்டை என்று நினைத்தேன். "வைத்தியம் பார்க்குதுகள்," என்றார் அவர். வைமன், வார்ட் என்னும் இரு விஞ்ஞானிகள் இவ்விரு மீன்களின் உறவை ஆராய்ந்து 1972இல் கட்டுரை வெளியிட்டுள்ளனர் என்பதைப் பின்னர் அறிந்து வியந்தேன். சிறிய மீன் பெரியதன் மேலுள்ள பூஞ்சையையும் ஒட்டுண்ணியையும் கொத்தித் தின்னுமாம். பெரியவரோ அந்தக் கட்டுரையைப் படித்தவரல்லர்.

இரண்டு நாள் ஒரு மாற்றமும் இல்லை. மூன்றாம் நாட் காலை, "மாமா! நேராய் நிக்குது!" என்ற கூக்குரல் கேட்டு எழுந்தோடினேன். ஒரு வாரத்திற் பஞ்சு உதிர்ந்தது. வால் நுனி மட்டும் சிறிது தேய்ந்து போயிற்று. பட்டைகள் மீண்டும் கறுத்தன. முதன்முதல் அது தீனி தின்ற வேளை என் தங்கையும் அடுப்பை விட்டு வந்து பார்த்தாள்.

நான் புறப்படுவதற்கு முதல் நாட் பிள்ளை தானாகவே ஒரு முடிவு சொன்னாள்: அதை அந்தக் கண்டல் வேரடியிலே விட வேண்டும். "அங்கேதானே மாமா வைத்தியர் இருக்கிறார்?" என்றாள். மாலையிற் சென்றோம். வாளிக்குள் வாவி நீரைக் கையால் அள்ளி அள்ளி அவளே ஊற்றினாள். அவசரப்படாதே என்று எனக்கும் எச்சரிக்கை! வாளியைச் சாய்த்ததும் செல்வன் சிறிது நேரம் வேரின் நிழலிலே நின்றது. பிறகு தேய்ந்த வாலை ஒரு முறை வீசிற்று, காணவில்லை.

அன்று முழுநிலா. வந்த காரியத்தை விடுவானேன் என்று தோணி ஒன்றில் ஏறிப் பாலத்தடிக்குப் போய், துடுப்பை நீரில் இட்டுக் காது கொடுத்தேன். கச்சான் காற்று பலமாக வீசிக்கொண்டிருந்தது, ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையும் துடுப்பை வாங்கிக் காதில் வைத்தாள். தனக்குக் கேட்டது என்றாள்.