மிதக்கும் பொய்ப்பூச்சி

அமெரிக்க நாட்டின் ஏரிகளில் பாஸ், புளூகில் என்னும் மீன்களைப் பிடிப்போருள் சிலர், நீர்மேல் மிதக்கும் பொய்ப்பூச்சியைத் தம் கையாலேயே கட்டிக்கொள்கின்றனர். டென்னசி மாநிலத்துச் சட்டனூகா நகரினரான எர்னஸ்ட் பெக்கின்பா, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தக்கையால் இதனைச் செய்து புகழ்பெற்றார்.

முதலில் தூண்டில் முள்ளின்மீது இறகை வாலாக வைத்து நூலால் கட்டுவர். பின்னர், முகப்பைக் கிண்ணம்போல் குடைந்த தக்கைத் துண்டை ஒட்டுவர். தக்கைக்கு மாறாக மான்மயிரைச் செறியக் கட்டிக் கத்தரிப்பாரும் உளர். மயிரினுள்ளே காற்று அடங்கியிருத்தலின் அது மிதக்கும். வயிற்றுப்பக்க மயிரை ஒட்ட நறுக்காவிடின் மீன்வாயில் முள் பதியாது. மாலை முழுதும் உழைத்த உழைப்பு வீணாகும். பாஸ் மீனின் வாய் அகன்றது. புளூகிலின் வாயோ மிகச் சிறியது. ஆதலின் முள்ளின் அளவும் வேறுபடும். மீனின் இயல்பை அறியாதவன் கட்டிய பூச்சி, எத்துணை அழகியதாயினும் பயன்படாது.

நீரில் வீழ்ந்த பூச்சியைச் சிறிது இழுத்தால், குழிந்த முகப்பு நீரைத் தள்ளிக் 'களக்' என ஒலிக்கும். புதியவன் உடனே மறுபடியும் இழுப்பான். பழகியவனோ அலைவட்டம் அடங்கும்வரை கையை அசையான். அசைவற்ற அந்நொடியிலேயே மீன் பாய்ந்து கவ்வுவது பலகாலும் நிகழும். பூச்சிக்கு உருத் தருவது கைத்திறன்; உயிர் தருவது பொறுமையே.