மேலும் கீழும் தணல்

வெள்ளி, மாலை

நாவுலவில் ஏ9 வீதியை விட்டுச் சற்று உள்ளே இருக்கிறது அந்த வீடு. குசினியில் ஓவன் கிடையாது, விறகடுப்புத்தான். 2022இல் காஸும் கோதுமை மாவும் தட்டுப்பாடாகி, நாட்டில் பல பேக்கரிகள் மூடிக் கிடந்தன. வீட்டிலேயே பாண் சுட வேண்டும் என்ற ஆசை மருமகளுக்கு அப்போது வந்தது. அது இப்போது ஈஸ்டும் போறணையும் கேட்காத அயர்லாந்துச் சோடா ரொட்டியில் வந்து நிற்கிறது.

அயர்லாந்துக் கிராமங்களிலும் அந்தக் காலத்தில் ஓவன் அரிது. கனத்த இரும்புச் சட்டியில் மாவை வைத்து மூடி, சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த கரிமண் கட்டிகளின் தணலை மூடிமேல் பரப்புவார்கள். இதைக் கேட்டதும் மாமி நிமிர்ந்தார்.

"அப்பத்துக்கு வைக்கிற மாதிரித்தானே, பிள்ளை? நான் வைக்கிறேன்."

சனி

எருமைத் தயிரைத் தண்ணீர் விட்டுக் கடைந்து, மோரைப் புளிக்க வைத்தாயிற்று.

அயர்லாந்தின் ஈரக் குளிரில் விளையும் கோதுமை மென்மையானது. அந்த மாவில் பசைத்தன்மை குறைவு. ஈஸ்டுப் பாணுக்கு ஏற்ற இழுவை வராது. 1830களில் சமையல் சோடா கைக்கு எட்டியதும் வழி திறந்தது. வெண்ணெய் எடுத்த மோர் வீடுகளில் ஏற்கெனவே இருந்தது. மோரின் புளிப்பு சோடாவில் பட்டதும் காபனீரொட்சைட்டு கிளம்பி மாவைத் தூக்கிவிடும்.

ஞாயிறு, காலை

முதலில் தணல், பிறகுதான் மா. சோடா காத்திருக்காது.

450 கிராம் கோதுமை மா, அப்பச்சோடாவும் உப்பும் ஒவ்வொரு தேக்கரண்டி, ஏறத்தாழ 350 மில்லிலீற்றர் மோர். ரொட்டிக்குப் போல அடித்துப் பிசையக் கூடாது; பிசைந்தால் இறுகிவிடும். விரல்களால் சேர்த்து உருட்டினால் போதும். திராட்சை வற்றல், சீனி, முட்டை எல்லாம் சேர்ப்பவர்கள் உண்டு. அன்றாட ரொட்டிக்கு அவை வேண்டாம். மோரின் இலேசான புளிப்பை அவை மறைத்துவிடும்.

மேலே ஆழமாக ஒரு சிலுவைக் கீறல். பேயை விரட்ட என்று அங்கே கதை சொல்வார்கள். ஆனால் அந்தக் கீறல் வழியாகத்தான் தடித்த நடுப்பகுதிக்குச் சூடு இறங்குகிறது.

மூடிமேல் சிரட்டைத் தணலை மாமிதான் பரப்பினார். கீழே குறைவாக, மேலே கூடுதலாக. முக்கால் மணி நேரம் கழித்து எடுத்து அடிப்பக்கத்தைத் தட்டினால், வெற்றுப் பானைபோல ஒலித்தது. வெந்துவிட்டது.

மருமகள் வெண்ணெய் தடவினார். மாமி கட்டைச் சம்பலுடன் சாப்பிட்டார்.

திங்கள்

இந்த ரொட்டி ஒரு நாளில் காய்ந்துவிடும். அதனால்தான் அயர்லாந்தில் அநேகமாக அன்றாடம் சுட்டார்கள். மிஞ்சிய துண்டுகளைத் தாச்சியில் வாட்டிக் காலைச் சாப்பாட்டுக்கு வைத்தார் மாமி.