பீடியா, சாராயமா?

எங்கள் புதுச்சேரியில் எந்தப் பழியையும் சாராயத்தின் மேல் போட்டுவிடலாம். முத்தியால்பேட்டை டீக்கடையில் நண்பர் அதைத்தான் செய்தார்.

''பீடி பிடிக்கிறவன் தண்ணியும் அடிப்பான்யா. டி.பி-யில செத்தா பீடிதான் காரணமா?''

நியாயமான கேள்விதான். பக்கத்து விழுப்புரம் மாவட்டத்திலும் சென்னையிலும் 43,000 ஆண்கள் எப்படி இறந்தார்கள் என்று விசாரித்து, உயிரோடிருந்த 35,000 பேருடன் ஒப்பிட்டது டாக்டர் கஜலட்சுமி குழு. 2003-ல் 'லான்செட்' இதழில் வந்தது. புகைப்பவர்களிடம் டி.பி. சாவு நான்கு மடங்குக்கும் அதிகம்!

பி.காம் புள்ளியியலில் அரியர் வைத்த எனக்கே புரிகிற கணக்கு ஒன்று உண்டு. சிகரெட்டா, வேறு ஏதோவா என்ற புற்றுநோய்ச் சண்டையில், 1959-ல் ஜெரோம் கார்ன்ஃபீல்டு குழுவினர் போட்டது. 'வேறு ஏதோ ஒளிந்திருக்கிறது' என்கிறீர்களா? அது எவ்வளவு பெரிசு என்றும் சொல்லுங்கள். நான்கு மடங்கையும் குடியின் தலையில் கட்ட வேண்டுமானால், புகைக்காதவர்களில் நூற்றுக்கு இருபது பேர் குடித்தால், புகைப்பவர்களில் எண்பது பேராவது குடிக்க வேண்டும். குடியும் தன் பங்குக்கு டி.பி. சாவை நான்கு மடங்காவது ஏற்ற வேண்டும்.

''நம்ம ஊர்ல எண்பது தேறும்யா!'' சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் நின்றது.

''நீதான் குடிக்கவே மாட்டியே?'' என்றேன்.

பதில் இல்லை. திங்கட்கிழமை கோரிமேடு மார்பு நோய் ஆஸ்பத்திரிக்கு அவரை அழைத்துப் போகிறேன்.