சேச்சியின் வாட்ஸ்அப் குழு

ஐதராபாத்தில் என்னோடு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும் சேச்சி தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். 12 ஆண்டுப் பணிக்குப் பின் மருத்துவமனை நிர்வாகத்தில் இணையவழி முதுநிலைப் படிப்பில் சேர்ந்திருக்கிறார். இரவுப் பணி முடிந்து வீடு திரும்பியதும், பதிவு செய்யப்பட்ட விரிவுரையை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டபடியே உறங்கிப்போவார். மடிக்கணினியை மூடிவைப்பது என் வேலை.

அந்தப் படிப்பில் விவாதப் பக்கம் ஒன்று உண்டு. வாரம் ஒரு பதிவும் இரண்டு மறுமொழிகளும் கட்டாயம்; அவற்றுக்கு மதிப்பெண் உண்டு. 'அருமையான கருத்து, முழுதும் உடன்படுகிறேன்' என்பதை எத்தனை விதமாக எழுத முடியும் என்று அங்கேதான் கண்டேன். இணையவழிக் கற்றலுக்கு அறிவு இருப்பு, சமூக இருப்பு, கற்பித்தல் இருப்பு மூன்றும் வேண்டும் என்பது காரிசன், ஆண்டர்சன், ஆர்ச்சர் மூவரும் 2000இல் முன்வைத்த மாதிரி. அந்தப் பக்கத்தில் சமூக இருப்பு வருகைப் பதிவேட்டில் கையெழுத்திட்டுவிட்டுப் போய்விடுகிறது.

மெய்யான வகுப்பு வேறிடத்தில் நடக்கிறது. ஒன்பது பேர் கொண்ட வாட்ஸ்அப் குழு அது. செவிலியர், ஆய்வக நுட்புநர், இயன்முறை மருத்துவர் எனப் பலர். ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. குழு அனுமதித்த ஓர் உரையாடலை மட்டும் இங்கே சொல்கிறேன். இந்தப் பதிவையும் சேச்சி படித்து, இரண்டு வரிகளை நீக்கிய பின்பே இடுகிறேன்.

ஆட்ஸ் ரேஷியோ இரண்டு என்றால் நோய்க்கான இடர் இரண்டு மடங்கு என்று எழுதலாமா என ஒருவர் நள்ளிரவில் கேட்டார். எழுதக் கூடாதுதான், ஆனால் எவரும் அப்படிச் சொல்லவில்லை. "பத்து நோயாளிகள், இருவருக்குத் தொற்று. இடர் எவ்வளவு, ஆட்ஸ் எவ்வளவு?" என்று ஒரு மறுகேள்வி மட்டும் வந்தது. இடர் பத்தில் இரண்டு. ஆட்ஸ் எட்டுக்கு இரண்டு. சற்றுப் பொறுத்துக் கேட்டவரே குரல்பதிவு அனுப்பினார்: தொற்று அரிதாயின் இரண்டும் நெருங்கிவரும், பரவலாயின் விலகிப்போகும். பின்னணியில் மானிட்டரின் ஒலி கேட்டுக்கொண்டிருந்தது. பிறர் திருத்துவதைக் காட்டிலும் பேசியவரே தம்மைத் திருத்திக்கொள்வதற்கு உரையாடலின் அமைப்பு முதலிடம் தருகிறது என்று ஷெக்லாஃப், ஜெஃபர்சன், சாக்ஸ் மூவரும் 1977இல் எழுதியதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் பார்த்ததில்லை.

ஆசை வந்துவிட்டது. ஒப்புதல் படிவம் தயாரித்தேன். பெயரும் ஊரும் நீக்கப்படும், ஆய்வு நெறிமுறைக் குழுவின் அனுமதி பெறப்படும் என்றெல்லாம் எழுதினேன். எழுவர் இசைந்தனர், ஒருத்தி பதில் சொல்லவில்லை. சேச்சி அந்த மௌனத்தை மறுப்பாகவே கொண்டார். இசைந்தோரின் பதிவுகளை மட்டும் எடுத்துக்கொள்ளலாமே என்று நான் வாதாடினேன். அதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

"மோளே, மருத்துவப் பிழைகளின் மூலகாரணம் பற்றி எங்களுக்கு ஓர் அலகு உண்டு. விவாதப் பக்கத்தில் எல்லோரும் புத்தகத்துப் பிழையை எழுதினோம். குழுவில் அவள் தன் பிழையை எழுதினாள். நீ படிப்பாய் என்று தெரிந்திருந்தால் எழுதியிருப்பாளா?"

என்ன பிழை என்று நான் கேட்கவில்லை. படிப்பையே விட்டுவிடுவதாகச் சொன்னவளோடு அன்று விடியும்வரை யாராவது ஒருவர் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பதும், அவள் அந்தப் பருவத் தேர்வை எழுதினாள் என்பதும் மட்டுமே தெரியும். படிவத்தை அழித்துவிட்டேன். வேறு தரவு தேட வேண்டும். நெறியாளரிடம் தாமதத்துக்கு என்ன காரணம் சொல்வது என்றுதான் இன்னும் தெரியவில்லை.

நேற்றுச் சேச்சி பி-மதிப்பை விளக்கச் சொன்னார். விளைவே இல்லை என்று கொண்டால், இத்தகைய அல்லது இதனினும் மிகையான தரவு கிடைப்பதற்கான நிகழ்தகவு என்றேன். மெதுவாகச் சொல் என்று பதிவு செய்து குழுவுக்கு அனுப்பினார். யார் குரல் என்று கேட்டார்களாம்.

"கூட இருக்கும் பெண்தான். பயப்பட வேண்டாம், குறிப்பெடுக்க மாட்டாள்" என்று பதில் எழுதியிருக்கிறார்.