எழுத்துக்களவும் இணையக் காவலும்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியைப் பற்றி மாணவர் ஒருவர் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத முற்படுகிறார் என்க. விடுதலை வீரர் சுப்பிரமணிய சிவா தம் இறுதிக்காலத்தில் தங்கி, 1925ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் மறைந்த ஊர் அது. இணையத்தளம் ஒன்றில் அவ்வரலாறு அழகிய நடையில் எழுதப்பட்டிருக்கிறது. மாணவர் அதிலிருந்து நான்கு பத்திகளைப் படியெடுத்து ஒட்டிச் சேமித்துவிடுகிறார். களவு செய்கிறோம் என்ற எண்ணம் அவருக்குக் கடுகளவும் இல்லை; பிறந்த ஊருக்கு நன்மை செய்ததாகவே மகிழ்கிறார்.

2003ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அக்கலைக்களஞ்சியத்தை எழுதுவோரும் திருத்துவோரும் தன்னார்வலர்களே. அங்கு நிகழும் ஒவ்வொரு மாற்றமும் ‘அண்மைய மாற்றங்கள்’ என்னும் பக்கத்தில் நேரத்தோடு பதிவாகிறது. பகற்பணி முடித்து இரவில் அப்பக்கத்தைக் காணும் தன்னார்வலர், நடை திடீரென மாறியிருப்பதைக் கண்டு ஐயுறுகிறார். ஐயத்திற்குரிய தொடரைத் தேடுபொறியில் இடுகிறார்.

இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது. ஒருங்குறிக்கு முற்பட்ட எழுத்துருக்களில் அமைந்த பழைய பக்கங்கள் தேடலில் எளிதில் அகப்படுவதில்லை. சேர்த்தெழுதிய சொல்லைப் பிரித்தெழுதினாலும் பொருத்தம் தவறிவிடும். அகப்பட்டாலும், இரண்டனுள் முந்தியது எது? விக்கிப்பீடியாவிலிருந்தே எடுத்து, பெயர் சுட்டாமல் வெளியிடும் தளங்களும் உள்ளன. ஆகவே, பக்கத்தின் வரலாற்றைத் திறந்து, அத்தொடர் நுழைந்த நாளையும் மறுதளத்தில் அது வெளியான நாளையும் ஒப்பிட வேண்டும். அவ்வாறு செய்யாமல் பழி சுமத்தினால், தாமே வருந்தி எழுதிய ஒருவர் திருடர் என்னும் பெயரைச் சுமக்க நேரும்.

1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் ஆசிரியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் உரிமையைக் காக்கிறது. சிவா தம் வாழ்நாளில் வெளியிட்டவற்றை இன்று எவரும் பதிப்பிக்கலாம். அவரைப் பற்றி அண்மையில் ஒருவர் எழுதியதை அவ்வாறு செய்யலாகாது. உரிமைக்காலம் முடிந்த எழுத்தாயினும், ஆசிரியர் பெயரை மறைத்துத் தமதாகக் காட்டினால் அது களவே.

கலைக்களஞ்சியத்தின் நெறி விந்தையானது. நன்னூல் கூறும் மூவகை நூல்களுள் முதல்நூலாக அது அமையவே இயலாது. சொந்த ஆய்வுக்கு அங்கு இடமில்லை. செய்தி யாவும் பிறரிடமிருந்து சான்றோடு பெறப்பட வேண்டும். சொல் மட்டும் எழுதுபவருடையதாக இருத்தல் வேண்டும். பழகிய எழுத்தாளரும் தடுமாறும் இடம் இது.

2011ஆம் ஆண்டு புனே நகரக் கல்லூரி மாணவர்களைக் கொண்டு ஆங்கில விக்கிப்பீடியாவில் எழுதுவிக்கும் திட்டம் ஒன்று நடைபெற்றது. படியெடுத்த பகுதிகள் மலிந்தமையால் அது இடையிலேயே நிறுத்தப்பட்டது. அவற்றைத் தேடி நீக்கும் சுமை, திட்டத்தோடு தொடர்பே இல்லாத தன்னார்வலர்களின் தோள்களில் விழுந்தது. இத்தகைய தவற்றுக்கு மாணவர்களை மட்டும் குறைகூறல் முறையன்று. புத்தக வரியை அப்படியே ஒப்பித்தவருக்கு முழு மதிப்பெண் வழங்கிப் பழக்கிய வகுப்பறைகளுக்கும் அதில் பங்குண்டு.

பாப்பாரப்பட்டிப் பக்கத்திலிருந்து அந்த நான்கு பத்திகளும் நீக்கப்படுகின்றன. மாணவரின் பேச்சுப் பக்கத்தில் தன்னார்வலர் முதலில் வரவேற்பு எழுதுகிறார். அடுத்து நீக்கியதன் காரணம். அதன்பின் சான்று காட்டும் முறை. எச்சரித்த பின்னும் தொடர்பவரையே நிருவாகிகள் தடைசெய்வர். அச்செய்தியைக் கண்டு மனம் நொந்து திரும்பி வராதவரும் உண்டு. வருபவர், நான்கு பத்திகளுக்கு ஈடாக நான்கு வரிகளைத் தாமே எழுதிச் சான்றும் தருவார். அவ்வரிகளில் சந்திப்பிழைகள் இருக்கும். அவற்றைத் திருத்துபவரும் அதே தன்னார்வலர்தாம்.